போர் முடிந்த பிறகு ஆணும் பெண்ணும்: நவீனத்துவ நாவல்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வாசிப்பு வட்டத்தில் சில வருடங்களாக முதல் உலகப் போரை ஒட்டி வந்த ஆங்கில நாவல்களைப் படித்து வருகிறோம். புதிதாக ஒருவர் வந்து சேரும்போதெல்லாம் ஏறக்குறைய இதே சந்தேகங்கள்தான் எழுகின்றன. கேட்டவர்களின் வார்த்தையிலேயே கேள்விகளை வைத்திருக்கிறேன். கதைகளின் முடிவைப் பல இடங்களில் சொல்லியிருக்கிறேன். முடிவு தெரிந்தாலும் இவற்றைப் படிப்பதில் எதுவும் குறையாது.

"நவீனத்துவ நாவல் என்றால் புரியாமல் எழுதுவது என்று அர்த்தமா?"

முதல் இருபது பக்கம் எல்லோருக்கும் தடுக்கும். யார் பேசுகிறார், எது இப்போது நடப்பது, எது பழைய நினைவு என்று பிடிபடாது. பழைய நாவலில் எல்லாம் தெரிந்த கதைசொல்லி ஒருவர் நம் கையைப் பிடித்து அழைத்துப் போவார். இங்கே அந்தக் கை இல்லை. பல நாவல்களில் ஒரு மனத்துக்குள் ஓடுவதையே கதையாகத் தருகிறார்கள். அதைத்தான் நனவோடை என்கிறோம். அந்த நடை போரால் பிறந்ததும் இல்லை. டோரதி ரிச்சர்ட்ஸன் தன் முதல் நாவலைப் போருக்கு முன்பே எழுதத் தொடங்கிவிட்டார். அது 1915இல் வெளிவந்தது.

ஆனால் புதிய வடிவம் வேண்டும் என்ற அவசரத்தைப் போர்தான் கொடுத்தது. 1919இல் வர்ஜீனியா வுல்ஃபின் இரண்டாவது நாவலான 'நைட் அண்ட் டே' வந்தது. அதைப் படித்த எழுத்தாளர் கேத்தரின் மான்ஸ்ஃபீல்ட், போர் என்று ஒன்று நடக்கவே இல்லை என்பதுபோல அது எழுதப்பட்டிருக்கிறது, அது ஆன்மாவில் இருக்கும் பொய் என்று தன் கணவருக்குக் கடிதம் எழுதினார். மான்ஸ்ஃபீல்டின் தம்பி 1915இல் பெல்ஜியத்தில் இறந்தவன். அடுத்து 1922இல் வுல்ஃப் வெளியிட்ட 'ஜேக்கப்ஸ் ரூம்' வேறு மாதிரியான நாவலாக இருந்தது. அதன் நாயகன் யார் என்பதே நமக்கு முழுதாகக் கிடைக்காது. அவனைப் பார்த்தவர்களின் துண்டு துண்டான நினைவுகள்தான் கிடைக்கும். செத்துப்போன ஒரு இளைஞனைப் பற்றி மிஞ்சுவது அவ்வளவுதானே.

"எந்தப் போர்? ஹிட்லர் காலத்துப் போரா?"

இல்லை, அதற்கு முந்தியது. 1914 ஜூலை முதல் 1918 நவம்பர் 11 வரை நடந்த முதல் உலகப் போர். நாம் இன்றும் ஒருவரை 'சரியான எம்டன்' என்கிறோமே, அந்தச் சொல்லைத் தந்த ஜெர்மன் கப்பல் 1914 செப்டம்பர் 22 அன்று சென்னை மீது குண்டு வீசியது இந்தப் போரில்தான்.

"இங்கிலாந்து ஜெயித்த நாடுதானே? அப்புறம் ஏன் இவ்வளவு விரக்தி?"

பிரான்ஸில் நடந்த சொம் போரின் முதல் நாளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 1916 ஜூலை 1. அந்த ஒரே நாளில் பிரிட்டிஷ் படையில் 19,240 பேர் இறந்தார்கள். காயம்பட்டவர்களையும் சேர்த்தால் 57,000க்கு மேல். பலர் தாமாகப் பெயர் கொடுத்தவர்கள்; ஒரே ஊர், ஒரே தெரு, ஒரே தொழிற்சாலை என்று கூட்டமாகச் சேர்ந்தவர்கள். ஒரு காலைப்பொழுதில் ஒரு தெருவின் பையன்கள் எல்லாரும் போனார்கள். இதன் பிறகு கிடைத்த வெற்றி எப்படிப்பட்டதாக இருக்கும்?

இழப்பைவிட ஆழமாக உறுத்தியது, அந்தப் பையன்களை அனுப்பிவைத்த சொற்கள். வீரம், கௌரவம், தியாகம் என்றெல்லாம் சொல்லித்தான் அனுப்பினார்கள். அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வேயின் 'எ ஃபேர்வெல் டு ஆர்ம்ஸ்' (1929) நாவலில் இத்தாலியப் போர்முனையில் இருக்கும் நாயகனுக்கு இந்தச் சொற்களைக் கேட்டாலே கூசுகிறது. கிராமங்களின் பெயர்கள், சாலைகளின் எண்கள், தேதிகள் இவை மட்டும்தான் இன்னும் மானத்தோடு சொல்லத்தக்கவை என்று நினைக்கிறான். 'ஆண்மை' என்பதும் அந்தப் பெரிய சொற்களில் ஒன்றுதான். மற்றச் சொற்கள் உடைந்தபோது அதுவும் உடைந்தது. இந்தப் பதில்கள் எல்லாவற்றிலும் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்பது அந்த இடத்தில்தான்.

"ஷெல் ஷாக் என்கிறார்களே, அது நோயா, பயமா?"

மனத்தில் பட்ட காயம். 1915இல் மருத்துவர் சார்லஸ் மையர்ஸ் எழுதிய கட்டுரை வழியாக இந்தப் பெயர் மருத்துவ உலகில் பரவியது. பீரங்கிக் குண்டு அருகே வெடித்த அதிர்ச்சியால் நரம்பு பாதிக்கிறது என்று முதலில் நினைத்தார்கள். குண்டு பக்கத்திலேயே வெடிக்காதவர்களுக்கும் பேச்சு நின்றது, கை நடுங்கியது, தூக்கம் போனது. அதே அறிகுறிகள் பெண்களிடம் தெரிந்தபோது ஹிஸ்டீரியா என்று பெயர் வைத்திருந்தார்கள். ஆண்களிடமும் அது வந்ததும் மருத்துவர்கள் தடுமாறிப்போனார்கள். அதிகாரிகளில் பலர் இதைக் கோழைத்தனம் என்றே பார்த்தார்கள். படையை விட்டு ஓடியது, கோழைத்தனம் போன்ற குற்றங்களுக்காகத் தங்கள் படையினராலேயே சுடப்பட்ட 306 பேருக்கு 2006இல்தான் பிரிட்டன் மன்னிப்பு வழங்கியது.

எடின்பரோ அருகே கிரெய்க்லாக்கர்ட் என்ற மருத்துவமனையில் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் என்ற மருத்துவர் வேறு வழி பார்த்தார். நடந்ததை மறக்கச் சொல்லாமல் பேச வைத்தார். கவிஞர் சசூன் 1917இல் அவரிடம் சிகிச்சை பெற்றவர். இந்த ரிவர்ஸ் அதற்குப் பல வருடம் முன்னால் நீலகிரிக்கு வந்து தோடர்களோடு பழகி, அவர்களைப் பற்றி 1906இல் பெரிய நூல் எழுதிய அதே ரிவர்ஸ். தோடர்களின் உறவுமுறையைப் பொறுமையாகக் கேட்டு எழுதிய மனிதர், உடைந்த சிப்பாய்களையும் அதே பொறுமையோடு கேட்டிருக்கிறார் என்று நினைக்கும்போது மனம் நெகிழ்கிறது.

"'மிஸஸ் டாலோவே'யில் கிளாரிஸாவும் செப்டிமஸும் சந்திக்கவே இல்லை. எதற்கு இரண்டு பேரையும் ஒரே நாவலில் வைக்க வேண்டும்?"

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். 1925இல் வந்த நாவல், 1923 ஜூன் மாதத்தில் லண்டனில் ஒரே ஒரு நாள். கிளாரிஸா ஒரு எம்.பி.யின் மனைவி, அன்று இரவு விருந்து வைக்கிறாள். செப்டிமஸ் போரிலிருந்து திரும்பிய குமாஸ்தா, அன்று மாலை ஜன்னலிலிருந்து குதித்துச் சாகிறான். முதல் திட்டத்தில் செப்டிமஸ் என்ற பாத்திரமே இல்லை என்றும், கிளாரிஸாதான் இறப்பதாக இருந்தது என்றும் வுல்ஃப் 1928இல் எழுதிய முன்னுரையில் சொல்லியிருக்கிறார். ஒருத்தி சாக வேண்டிய இடத்தில் ஒருவன் சாகிறான். ஆகவே இருவரையும் ஒரே உயிரின் இரண்டு பக்கங்களாகப் படிப்பது வாசகரின் கற்பனை இல்லை, எழுதியவரே காட்டிய வழி.

செப்டிமஸின் கதையில் ஒரு சின்ன விஷயத்தைக் கவனியுங்கள். போருக்கு முன் அவனுடைய மேலாளர் புரூவர், பையன் நோஞ்சானாக இருக்கிறானே என்று கால்பந்து ஆடச் சொல்கிறார். பதுங்குகுழியில் அந்த மாற்றம் உடனே நடந்துவிடுகிறது. அவனுக்கு ஆண்மை வந்துவிட்டது என்று எழுதுகிறார் வுல்ஃப். பதவி உயர்வும் கிடைக்கிறது. உயிர் நண்பனாக இருந்த எவன்ஸ் போர் ஓய்வதற்குச் சற்று முன் இத்தாலியில் இறக்கும்போது, தனக்கு ஒன்றும் பெரிதாக வலிக்கவில்லை என்று செப்டிமஸ் தன்னைத்தானே பாராட்டிக்கொள்கிறான். அங்கேதான் நோய் தொடங்குகிறது. ஆண் எப்படி இருக்க வேண்டும் என்று சமூகம் கேட்டதோ அப்படியே அவன் ஆகிவிட்டான். அதுவே அவனைக் கொன்றது. சாகும் நொடியில்கூட மருத்துவர் ஹோம்ஸ் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து 'கோழை' என்றுதான் கத்துகிறார்.

கிளாரிஸாவும் இதே போல ஒரு அச்சில் வார்க்கப்பட்டவள். பான்ட் தெருவில் நடக்கும்போது, தான் இப்போது கிளாரிஸாகூட இல்லை, மிஸஸ் ரிச்சர்ட் டாலோவே மட்டும்தான் என்று அவளுக்குத் தோன்றுகிறது. விருந்தில் முன்பின் தெரியாத ஒருவனின் சாவுச் செய்தி காதில் விழுந்ததும் தனியறைக்குப் போய் அவனைத் தன்னைப்போல உணர்கிறாள். யாருடைய நனவு யாருக்குள் ஓடுகிறது என்று அந்த நடை குழப்புவது இதற்குத்தான்.

"அந்த மருத்துவர்களை ஏன் இவ்வளவு கடுமையாக எழுதுகிறார்? அவர்கள் உதவத்தானே வந்தார்கள்?"

வுல்ஃபே இந்தச் சிகிச்சைக்கு ஆளானவர். படுக்கை, பால், தனிமை, எழுதக்கூடாது. செப்டிமஸைப் பார்க்கும் பெரிய மருத்துவர் சர் வில்லியம் பிராட்ஷா வலியுறுத்தும் 'அளவு உணர்வு' என்பது, அவரவர் தங்களுக்கு விதித்த இடத்தில் ஒழுங்காக இருப்பதற்கான வேறு பெயர். அவர் செப்டிமஸை மனைவியிடமிருந்து பிரித்து ஓர் இல்லத்துக்கு அனுப்பத் தீர்மானிக்கிறார். அவருடைய சொந்த மனைவியே பதினைந்து வருடம் முன்பு அவருடைய விருப்பத்துக்குள் மூழ்கிப்போனவள் என்று நாவல் ஒரு வரியில் சொல்லிப்போகிறது. நோயாளிச் சிப்பாயையும் மனைவியையும் அடக்கியது ஒரே கை. மேலே சொன்ன ரிவர்ஸை இவர் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

"போர் பெண்களுக்கு விடுதலை கொடுத்தது என்று படித்தேன். உண்மையா?"

பாதி உண்மை. வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் பெண்கள் லட்சக்கணக்கில் வேலை செய்தார்கள். டி.என்.டி. ரசாயனத்தால் தோல் மஞ்சளாகிப்போனவர்களை 'கேனரிப் பெண்கள்' என்று அழைத்தார்கள். பஸ், டிராம் கண்டக்டர் வேலைக்கும் வந்தார்கள். 1918 சட்டம் சுமார் 84 லட்சம் பெண்களுக்கு வாக்குரிமை தந்தது. ஆனால் 30 வயது ஆகியிருக்க வேண்டும், சொத்துத் தகுதியும் வேண்டும். தொழிற்சாலையில் உழைத்த இளம்பெண்களில் பெரும்பாலோர் அதில் வரவில்லை. 21 வயதில் ஆண்களுக்குச் சமமாக ஓட்டுப் போட 1928 வரை காத்திருந்தார்கள். 1919இல் போருக்கு முந்தைய தொழில் நடைமுறைகளை மீட்கும் சட்டம் வந்தது. வேலைகள் ஆண்களுக்குத் திரும்பின. கல்யாணம் ஆனால் வேலை போகும் என்ற விதி அரசுப் பணியில் இரண்டாம் உலகப் போர் முடியும்வரை நீடித்தது.

வுல்ஃப் 1929இல் எழுதிய 'எ ரூம் ஆஃப் ஒன்ஸ் ஓன்' நூலில் ஒரு கற்பனைச் சம்பவம் வரும். பம்பாயில் குதிரையிலிருந்து விழுந்து இறந்த அத்தை ஒருவர் கதைசொல்லிக்கு வருடம் 500 பவுண்டு எழுதிவைக்கிறார். வாக்குரிமைச் சட்டம் வந்த அதே நேரத்தில் அந்தச் செய்தியும் வருகிறது. இரண்டில் பணம்தான் தனக்கு எவ்வளவோ முக்கியமாகப் பட்டது என்கிறாள் கதைசொல்லி. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஹெமிங்வேயின் நாயகி பிரெட் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

"அப்படியென்றால் எதுவுமே மாறவில்லையா?"

மாறியது. 'மிஸஸ் டாலோவே'யில் கிளாரிஸாவின் பழைய காதலன் பீட்டர் வால்ஷ் ஐந்து வருடம் இந்தியாவில் இருந்துவிட்டுத் திரும்புகிறான். 1918 முதல் 1923 வரையிலான அந்த ஐந்து வருடம் ரொம்ப முக்கியமானது என்று அவனுக்குப் படுகிறது. மனிதர்களின் தோற்றமே மாறியிருக்கிறது. பெண்கள் எல்லோர் முன்னிலையிலும் பவுடர் பூசிக்கொள்கிறார்கள். முன்பு பத்திரிகையில் எழுதத் துணியாததை எழுதுகிறார்கள். கிளாரிஸாவின் மகள் எலிசபெத் பஸ்ஸின் மாடியில் தனியாக ஏறிப் போகிறாள், டாக்டர் ஆகலாமா, பண்ணை வைக்கலாமா என்று யோசிக்கிறாள். அம்மாவின் மனதில் இப்படி ஒரு எண்ணம் ஓடியிருக்கவே முடியாது. எனக்கு அந்த பஸ் பயணம் நாவலிலேயே மிகப் பிடித்த பகுதிகளில் ஒன்று. ஆனால் விருந்துக்கு நேரமாகிவிட்டது என்று அவளும் வீடு திரும்புகிறாள்.

"பிரெட் ஆஷ்லி மோசமான பெண்தானே? எல்லா ஆண்களையும் கெடுக்கிறாள்."

ஹெமிங்வேயின் 'தி சன் ஆல்ஸோ ரைஸஸ்' (1926) படித்துவிட்டு வரும் பாதிப்பேர் இப்படித்தான் சொல்கிறார்கள். அவளுக்கு வயது 34. தலைமுடியைப் பையன் மாதிரி வெட்டிப் பின்னால் வாரியிருக்கிறாள். குடிக்கிறாள், விரும்பியவனோடு போகிறாள். அவளைத் தீர்ப்புச் சொல்வதற்கு முன், நாவல் போகிற போக்கில் தரும் தகவல்களைச் சேர்த்துப் பாருங்கள். போரில் அவள் செவிலி. அவள் காதலித்தவன் போர்க்காலத்தில் வயிற்றுக்கடுப்பில் இறந்தான். பிறகு கட்டிக்கொண்ட ஆஷ்லி கடற்படைக்காரன். படுக்கையில் தூங்கமாட்டான், தரையில் படுப்பான், குண்டு நிரப்பிய துப்பாக்கியோடு. அவன் தூங்கிய பிறகு இவள் எழுந்து தோட்டாக்களை எடுத்துவைப்பாள். இப்படி எத்தனை இரவு! ஷெல் ஷாக் பற்றி மேலே சொன்னதை ஒரு மனைவியின் பக்கத்திலிருந்து பார்த்தால் இதுதான்.

அவளுடைய சுதந்திரம் எதன் மேல் நிற்கிறது என்றும் பாருங்கள். 'லேடி' என்ற பட்டம் கணவன் வழி வந்தது. செலவை யாராவது ஒரு ஆண் பார்த்துக்கொள்ள வேண்டும். வருடம் 500 பவுண்டு அவளுக்கு இல்லை. 19 வயதுக் காளைச்சண்டை வீரன் ரொமேரோ அவளை மணக்க விரும்புகிறான், முடியை நீளமாக வளர்க்கச் சொல்கிறான், இன்னும் பெண்ணாகத் தெரிவாளாம். அவள் அந்தப் பையனை விட்டு விலகுகிறாள், அவன் பணத்தையும் வாங்க மறுக்கிறாள். நாவலில் ஒருவர் தனக்கு நஷ்டம் வரும் என்று தெரிந்தே செய்யும் நேர்மையான செயல்களில் அது ஒன்று.

"ஜேக்கின் காயம் வெறும் குறியீடா?"

ஜேக் இதே நாவலின் கதைசொல்லி. குறியீடாக மட்டும் படித்தால் அவனுடைய வலி தொலைந்துபோகும். போரில் அவனுக்குப் பட்ட காயத்தால் உடலுறவு இயலாது. பிரெட்டும் அவனும் காதலிக்கிறார்கள், சேர வழியில்லை. மிலான் மருத்துவமனையில் ஓர் இத்தாலிய அதிகாரி அவனிடம், நீ உயிரைவிடப் பெரியதைக் கொடுத்துவிட்டாய் என்று மிடுக்காகச் சொல்கிறார். ஆண்மையை உயிருக்கு மேலாக வைத்த அந்தப் பழைய பேச்சு எவ்வளவு பொருத்தமற்று ஒலிக்கிறது பாருங்கள். பகலில் எதற்கும் அசையாமல் இருப்பது சுலபம், இரவில் அது வேறு என்கிறான் ஜேக். அவன் தனியாக அழும் இடம் ஒரு பக்கம்கூட இல்லை. எனக்கு அது நாவலின் நடு.

"போர்முனைக்கே போகாத பெண்கள் போரைப் பற்றி எழுத என்ன இருக்கிறது?"

போர் வீட்டுக்கும் வந்தது. பிரிட்டனில் இந்த விஷயத்தை முதலில் தொட்ட நாவல்களில் ஒன்று, ரெபெக்கா வெஸ்ட்டின் 'தி ரிட்டர்ன் ஆஃப் தி சோல்ஜர்', போர் முடிவதற்கு முன்பே 1918இல் வந்தது. அதில் குண்டு வெடிக்கும் காட்சி ஒன்றுகூடக் கிடையாது. கிறிஸ் என்ற சிப்பாய்க்குப் பதினைந்து வருட நினைவு அழிந்துவிடுகிறது. மனைவி கிட்டி யாரென்று தெரியவில்லை. இளமையில் காதலித்த, இப்போது ஏழ்மையில் வாடிப்போன மார்கரெட்டைத்தான் கேட்கிறான். அவள் அருகில் இருக்கும்வரை அவன் நிம்மதியாக இருக்கிறான். அவனைக் குணமாக்கினால் என்ன ஆகும்? மறுபடி போர்முனை. மார்கரெட்டுக்கும் கதை சொல்லும் ஜென்னிக்கும் இது தெரியும். தெரிந்தே, இறந்த குழந்தையின் சட்டையையும் பந்தையும் காட்டி நினைவைத் திருப்புகிறார்கள். அவன் புல்வெளியில் திரும்பி நடந்து வருகிறான், சிப்பாய் நடை. ஜன்னலில் நின்று பார்க்கும் கிட்டி, குணமாகிவிட்டார் என்று திருப்தியோடு சொல்கிறாள்.

வுல்ஃபின் 'டு தி லைட்ஹவுஸ்' (1927) நாவலில் மகன் ஆண்ட்ரூ பிரான்ஸில் குண்டு வெடித்துச் சாவது ஓர் அடைப்புக்குறிக்குள், இரண்டே வாக்கியத்தில் வருகிறது. தாய் இறந்ததும் அப்படியே, மகள் பிரசவத்தில் இறந்ததும் அப்படியே. போரில் சாகும் மகனுக்கும் பிரசவத்தில் சாகும் மகளுக்கும் ஒரே அளவு அடைப்புக்குறி. இந்தச் சமன்பாட்டைப் போர்முனையிலிருந்து எழுதியவர்களிடம் நான் பார்த்ததில்லை.

"பெண்களும்தானே ஆண்களைப் போருக்குத் தள்ளினார்கள்?"

ஆமாம், இதை மறைக்கக்கூடாது. 1914 ஆகஸ்டில் ஃபோக்ஸ்டன் நகரில் ஓர் ஓய்வுபெற்ற கடற்படைத் தளபதி தொடங்கிவைக்க, சீருடை போடாத ஆண்களின் சட்டையில் பெண்கள் வெள்ளை இறகு செருகினார்கள். கோழை என்று அர்த்தம். ஆண்களை அவர்களுடைய அளவைவிட இரு மடங்காகக் காட்டும் கண்ணாடியாகப் பெண்கள் பல நூற்றாண்டுகளாக இருந்து வந்திருக்கிறார்கள் என்று வுல்ஃப் எழுதியதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். கிட்டியும் அப்படி ஒரு கண்ணாடிதான். அவளை வில்லி என்று ஒதுக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. அழகாக இருப்பது, வீட்டை அழகாக வைப்பது, இதைத் தவிர வேறு எதையும் அவளிடம் யாரும் கேட்டதில்லை.

"ஆண்கள் பலவீனம், பெண்கள் பலம். இடம் மாறிவிட்டது, அவ்வளவுதானே?"

தேர்வு விடைத்தாள்களில் இப்படி எழுதுவார்கள். நாவல்கள் அப்படிச் சொல்லவில்லை. டி. எச். லாரன்ஸின் 'டிக்கெட்ஸ், ப்ளீஸ்' சிறுகதையைப் படியுங்கள். போர்க்கால டிராமில் பெண் கண்டக்டர்கள். தங்களை ஒவ்வொருத்தியாகப் பழகிக் கைவிட்ட இன்ஸ்பெக்டரை ஓர் இரவு அறைக்குள் மடக்கி அடிக்கிறார்கள், ஒருத்தியைத் தேர்ந்தெடு என்கிறார்கள். அவன் ஆனியைச் சொல்கிறான். அவளுக்கு அவன் வேண்டியதில்லை. எல்லோரும் வதங்கிய முகத்தோடு வெளியேறுகிறார்கள். பலம் கை மாறியிருக்கிறது, அதை வைத்து என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை.

லாரன்ஸ் இந்த மாற்றத்தைக் கண்டு அஞ்சினார் என்றே நினைக்கிறேன். 'தி ஃபாக்ஸ்' குறுநாவலில் பண்ணை நடத்தும் இரு பெண்களில் ஒருத்தியின் சாவுக்கு, போரிலிருந்து வந்த இளைஞன் வேண்டுமென்றே சாய்க்கும் மரம் காரணமாகிறது. ஆனால் அவர் அந்த அச்சத்தை மூடி மறைக்கவில்லை. மற்றவளை மணந்த பிறகும் அவனுக்கு நிம்மதி இல்லை என்றுதான் முடிக்கிறார். 'லேடி சாட்டர்லீஸ் லவர்' (1928) இடுப்புக்குக் கீழே செயலிழந்து திரும்பிய கணவனை எழுதிய விதத்தில் இரக்கம் போதாது. ஜேக்கின் இரவை எழுதிய ஹெமிங்வேயிடம் அது இருக்கிறது.

"இந்த நாவல்களில் நம் ஊர்க்காரர்கள் யாரும் இல்லையே?"

இந்தியா பின்புலமாக வரும், இந்தியர்கள் வரமாட்டார்கள். பீட்டர் வால்ஷ் அங்கே இருந்து வருகிறான், அத்தை பம்பாயில் சாகிறாள். வுல்ஃபின் கணவர் லெனார்ட் 1904 முதல் 1911 வரை இலங்கையில் அதிகாரியாக இருந்தவர். யாழ்ப்பாணத்தில்தான் பணியைத் தொடங்கினார். போரில் 10 லட்சத்துக்கு மேற்பட்ட இந்தியர்கள் கடல் கடந்து போயும் அவர்களுடைய நனவோடை இந்தப் பக்கங்களில் ஓடவில்லை. முல்க் ராஜ் ஆனந்தின் 'அக்ராஸ் தி பிளாக் வாட்டர்ஸ்' பிரான்ஸ் பதுங்குகுழியில் இருக்கும் பஞ்சாபிச் சிப்பாயை எழுதியது. பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டிய நாவல்.

"எதில் தொடங்கலாம்?"

மான்ஸ்ஃபீல்டின் 'தி ஃப்ளை' (1922). சில பக்கங்கள்தான். மகன் செத்து ஆறு வருடம் ஆன ஒரு முதலாளி அழ நினைக்கிறார், வரவில்லை. மைக்கூட்டில் விழுந்த ஈயைக் காப்பாற்றி, பிறகு மேலே சொட்டுச் சொட்டாக மை விடுகிறார். அதன் பிறகு வெஸ்ட், அப்புறம் ஹெமிங்வே, கடைசியில் 'மிஸஸ் டாலோவே'. அதைப் படிக்கும்போது செப்டிமஸின் மனைவி ரெட்ஸியாவைத் தவறவிடாதீர்கள். மிலானிலிருந்து வந்தவள், தொப்பி தைப்பவள், லண்டனில் அவளுக்கு யாரும் இல்லை. சாவுக்குக் கொஞ்ச நேரம் முன்பு ஒரு தொப்பிக்கு ரிப்பனும் பூவும் எப்படி வைப்பது என்று செப்டிமஸ் சொல்ல, அவள் தைக்கிறாள், இருவரும் சிரிக்கிறார்கள். பெண்கள் வேலை என்று ஒதுக்கிய வேலையில் அவன் சில நிமிடம் பழையபடி மனிதனாகிறான். பிறகு மாடிப்படியில் ஹோம்ஸின் காலடி கேட்கிறது. ரெட்ஸியா ஓடிப்போய் வழியை மறித்து நிற்கிறாள்.